கிக் டிரம் மைக்: சத்தம் சரியில்லை என்றால் எங்கிருந்து பார்ப்பது

டிரம்ஸ் பதிவு செய்யத் தொடங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "கிக்குக்கு என்ன மைக் வாங்கலாம்?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. கிக்கில், அதாவது காலால் பெடலை மிதித்து வாசிக்கும் பெரிய டிரம்மில், வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை மைக்கை இரண்டு அங்குலம் நகர்த்தினாலோ, டிரம்முக்குள் கிடக்கும் தலையணையைச் சற்றுத் தள்ளினாலோ தீர்ந்துவிடுகின்றன. அதனால் கீழே ஒவ்வொரு கோளாறுக்கும் காசு செலவில்லாத காரணத்தை முதலிலும், செலவு வைக்கும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். உங்கள் கிக்கின் சத்தம் எந்தத் தலைப்போடு பொருந்துகிறதோ அங்கே நேராகப் போகலாம்.

பெடலின் சுத்தியான பீட்டர் வந்து அடிக்கும் பக்கத் தோலைப் பின் ஹெட், கேட்பவர்களைப் பார்க்கும் பக்கத் தோலை முன் ஹெட் என்று சொல்கிறேன். 22 அங்குல கிக், முன் ஹெட்டில் 4 அல்லது 5 அங்குல ஓட்டை, ஒரே ஒரு கிக் மைக். இதுதான் பெரும்பாலான இடங்களில் இருக்கும் ஏற்பாடு, அதையே அடிப்படையாக எடுத்துக்கொள்கிறேன்.

எதையும் தொடும் முன்

வாசிப்பவரைக் கிக்கை மட்டும் அடிக்கச் சொல்லிவிட்டு, முன் ஹெட்டிலிருந்து நான்கைந்து அடி தள்ளிக் குந்தி உட்கார்ந்து கேளுங்கள். உங்களுக்கு வேண்டிய சத்தம் அங்கே அறையில் இருக்கிறதா? இல்லையென்றால் எந்த மைக்காலும் அதைக் கொண்டுவர முடியாது. டிரம்மைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்து, பதிவானதை நல்ல ஹெட்போனில் ஒருமுறை கேளுங்கள். இதைத் தாண்டிப் போகாதீர்கள். கிக்கின் அடிநாதம் ஏறக்குறைய 50 முதல் 80 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். 10க்கு 12 அடி அறையில் நீளவாக்கில் 47 ஹெர்ட்ஸும் அகலவாக்கில் 56 ஹெர்ட்ஸும் தேங்கி நிற்கும். அறையின் நடு மையத்தில் உட்கார்ந்து கேட்டால் சரியாக அந்த இரண்டும்தான் காதுக்கு எட்டாமல் போகும். சுவரோரம் போனால் அதே பதிவு இடி மாதிரி கேட்கும். பதிவில் குறையே இல்லாமல், உட்கார்ந்த இடம் தப்பாக இருந்ததால் இரவெல்லாம் இ.க்யூ. (ஒவ்வொரு ஹெர்ட்ஸ் பகுதியையும் தனியாக ஏற்றி இறக்கும் கருவி) திருகியவர்களைப் பார்த்திருக்கிறேன். 5 அங்குல மானிட்டர் ஸ்பீக்கர்களில் 50 ஹெர்ட்ஸ் ஒழுங்காக வருவதும் இல்லை. ஹெட்போனில் கனம் இருந்தால் பதிவு சரி, கேட்கும் இடத்தை மாற்றுங்கள்.

கோளாறு 1: தனியாகக் கேட்டால் கனமாக இருக்கிறது, எல்லா மைக்கும் சேர்ந்தால் காணாமல் போகிறது

நான் மிக அதிகமாகச் சரிசெய்து கொடுப்பது இதைத்தான். புது மைக் வாங்கத் தூண்டுவதும் இதுதான், வாங்கினாலும் தீராததும் இதுதான்.

முதல் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். கிக் டிராக்கையும் ஓவர்ஹெட் (டிரம்ஸுக்கு மேலே நிற்கும் இரண்டு மைக்குகள்) டிராக்குகளையும் மட்டும் ஒலிக்க விடுங்கள். கிக் டிராக்கில் அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் பட்டனை, அதாவது வட்டத்தின் குறுக்கே கோடு போட்டிருக்குமே அதை, அழுத்தியும் விடுவித்தும் பாருங்கள். எந்த நிலையில் வயிற்றில் வந்து இடிக்கிறதோ அதுதான் சரி. அப்படியே விட்டுவிடுங்கள். வேவ்ஃபார்மைப் பெரிதாக்கிப் பார்ப்பதும் உதவும். கிக் மைக்கில் முதல் அசைவு மேலே போக, ஓவர்ஹெட்டில் அதே அடி கீழே போவது சகஜம். பின் ஹெட் பீட்டரிடமிருந்து விலகி உள்ளே இருக்கும் மைக்கை நோக்கி வருகிறது. வாசிப்பவர் பக்கம் நிற்கும் மைக்குக்கு அதே அசைவு பின்வாங்கலாகத் தெரிகிறது. கண்ணுக்கும் காதுக்கும் முரண் வந்தால் காது சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

*பட்டனை அழுத்தினாலும் விட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லையா?* அப்படியானால் தூரம்தான் காரணம். சத்தம் ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 மில்லி செகண்ட் எடுக்கிறது. 60 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 5.7 மீட்டர், அதில் பாதி 2.85 மீட்டர். ஆகவே அறை மைக் (அறையின் ஒலியைப் பிடிக்கத் தள்ளி வைக்கும் மைக்) ஒன்றைக் கிக்கிலிருந்து மூன்று மீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் வைத்திருந்தால், 60 ஹெர்ட்ஸில் அது கிக் மைக்கோடு நேர் எதிராக மோதும். அறை மைக்கை ம்யூட் செய்து பாருங்கள். கனம் திரும்பி வந்தால் அதை முன்னோ பின்னோ நகர்த்துங்கள். பதிவு முடிந்துவிட்டதென்றால் அந்த டிராக்கின் ஃபேஸைத் திருப்பிப் பாருங்கள், இல்லாவிட்டால் அந்த டிராக்கில் மட்டும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள்.

*ஓவர்ஹெட் இரண்டில் ஒன்றோடு சேர்த்தால் நன்றாகவும், மற்றதோடு சேர்த்தால் ஒல்லியாகவும் கேட்கிறதா?* ஒரு நூலை எடுங்கள். ஒரு முனையைப் பீட்டர் அடிக்கும் இடத்தில் பிடித்து, மறுமுனையை இரண்டு ஓவர்ஹெட்டுக்கும் நீட்டி அளந்து, இரண்டு தூரமும் சமமாகும்படி வையுங்கள். ஸ்நேரிலிருந்து (வாசிப்பவரின் முழங்கால்களுக்கு இடையே இருக்கும் சிறு டிரம்) அளந்து வைப்பவர்கள் உண்டு, அதுவும் நல்ல வழக்கம். கிக், ஸ்நேர் இரண்டுக்கும் ஒரே சமயத்தில் தூரத்தைச் சமன் செய்ய முடியாதபோது, பாட்டுக்கு எது முக்கியமோ அதைத் தேர்ந்தெடுங்கள்.

கடைசியாக, கேபிள். வீட்டிலே பற்றவைத்த எக்ஸ்.எல்.ஆர். கேபிளில் 2ஆம் பின்னும் 3ஆம் பின்னும் மாறியிருந்தால் அந்த மைக் எப்போதும் தலைகீழாகத்தான் வரும். வேறு கேபிள் மாட்டியதும் சத்தம் மாறினால் பழையதைத் தனியாக எடுத்துவைத்து, பின்களைப் பிரித்துப் பற்றவைக்கச் சொல்லுங்கள்.

கோளாறு 2: தனியாகக் கேட்டாலே கனம் இல்லை

சுவிட்சுகளைப் பாருங்கள். மைக்கிலோ இன்டர்ஃபேஸிலோ (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) மிக்சரிலோ லோ கட், அதாவது தாழ்ந்த சத்தத்தை வெட்டும் சுவிட்ச், போட்டிருக்கும். பல மிக்சர்களில் அது 75 முதல் 100 ஹெர்ட்ஸுக்குள் வெட்டும். போன வாரம் பாட்டுக்குப் பயன்படுத்திய சேனலில் கிக்கை மாட்டினால் இது நடக்கும்.

அடுத்து மைக் இருக்கும் இடம். பின் ஹெட்டுக்கு இரண்டு அங்குலம் அருகே, பீட்டருக்கு நேராக வைத்தால் தட்டும் சத்தம் வரும், கனம் குறையும். மெல்ல வெளியே இழுங்கள். ஓட்டையை நெருங்க நெருங்கக் கனம் கூடும். ஒவ்வொரு இரண்டு அங்குலத்துக்கும் நிறுத்தி எட்டு அடி பதிவு செய்து, பிறகு வரிசையாகக் கேளுங்கள். மனத்தில் வைத்து ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள்.

உள்ளே தலையணை எத்தனை? முன் ஹெட் வரை அடைத்திருந்தால் அதிர ஒன்றும் மிச்சம் இருக்காது. ஒரு தலையணையோ மடித்த போர்வையோ பின் ஹெட்டின் கீழ்ப்பகுதியை லேசாகத் தொட்டுக்கொண்டு கிடந்தால் போதும்.

பின் ஹெட்டை மிக இறுக்கி வைத்திருந்தாலும் அடிநாதம் மேலே ஏறிக் கனம் போய்விடும். எல்லாப் போல்ட்டையும் தளர்த்தி, விரலால் முடிந்தவரை இறுக்கி, சுருக்கம் மறையும் வரை கால் சுற்று கால் சுற்றாக எதிரெதிராக இறுக்குங்கள். அதற்கு மேல் வேண்டாம், முன் ஹெட்டை இதைவிடக் கொஞ்சம் இறுக்கமாக வைக்கலாம். ஹெட்டில் பீட்டர் விழும் இடம் குழிந்திருந்தால் அதன் ஆயுள் முடிந்தது, மாற்றுங்கள். ஓரத்தில் வளையம் ஒட்டிய ரெமோ பவர்ஸ்ட்ரோக் 3, ஓரத்தில் பஞ்சு வளையம் மாட்டும் எவான்ஸ் இமாட் போன்றவை கிக்குக்கென்றே செய்தவை. நல்ல மைக்கின் விலையோடு பார்த்தால் ஒரு ஹெட்டின் விலை சிறியது. நான் முதலில் செலவழிக்கச் சொல்வது இதற்குத்தான்.

இதற்கெல்லாம் பிறகும் ஒல்லியாகவே இருக்கிறது, வைத்திருப்பது ஷூர் எஸ்.எம்.57 அல்லது 58 என்றால் இப்போது மைக்கைச் சொல்லலாம். அவற்றில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே சரிவு இருக்கிறது. வேறு மைக் கிடைக்கும் வரை தலையை ஓட்டையின் ஓரத்துக்கு அருகே கொண்டுபோய், 60 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள்.

கோளாறு 3: அட்டைப்பெட்டியைத் தட்டுவது போல் இருக்கிறது

இது 300, 400 ஹெர்ட்ஸ் பக்கம் குவியும் சத்தம். இ.க்யூ.வில் ஒரு குழி வெட்டினால் போய்விடும் என்பார்கள். போகும், ஆனால் அதற்கு முன் மூன்றைப் பாருங்கள்.

மைக் டிரம்மின் ஆழத்தில் நட்டநடுவே, இரண்டு ஹெட்டுக்கும் சம தூரத்தில் இருக்கிறதா? எனக்குப் பெட்டிச் சத்தம் அதிகம் கிடைப்பது அங்கேதான். முன்னோ பின்னோ தள்ளுங்கள், அதோடு மையக் கோட்டிலிருந்தும் விலக்குங்கள். டிரம்முக்குள்ளே ஒன்றுமே போடாமல் வெறுமையாக இருக்கிறதா? ஒரு துண்டு போடுங்கள். அறையின் தரை வெறும் டைல்ஸா? கிக்கின் கீழும் முன்னும் ஜமுக்காளம் விரியுங்கள். மைக் உள்ளே இருந்தாலும் இந்த வித்தியாசம் கேட்கும்.

ஹெட்டுக்கு மிக அருகே மைக்கைக் கொண்டுபோய் உள்ளே துணி போடும் பழக்கம் பழையது. 1966இல் லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவில் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக், பீட்டில்ஸ் குழுவின் டிரம்மர் ரிங்கோ ஸ்டாரின் கிக்குக்குள் கம்பளிச் சட்டையைத் திணித்து, அங்கே அனுமதித்திருந்த தூரத்தை மீறி மைக்கை நெருக்கி வைத்தார். இன்று நாம் கேட்டுப் பழகிய இறுக்கமான கிக் சத்தத்தில் அந்தத் துணிக்குப் பெரிய பங்கு உண்டு.

இரண்டு மைக் இருந்தால் ஒன்றை உள்ளேயும் ஒன்றை முன் ஹெட்டுக்கு வெளியேயும் வைத்துக் கலந்து பாருங்கள். இரண்டுக்கும் இடையில் 55, 60 சென்டிமீட்டர் இருந்தால் 300 ஹெர்ட்ஸ் பக்கம் தானாகவே குறையக்கூடும், கனம் மட்டும் அப்படியே நிற்கும். வெளி மைக்கை ஓரிரு அங்குலம் நகர்த்தி நகர்த்தி அந்த இடத்தைத் தேட வேண்டும். கிடைத்துவிட்டால் இ.க்யூ. தொடவே வேண்டாம், அவ்வளவு நிறைவாக இருக்கும்.

கோளாறு 4: 'டிக்' இல்லை, அல்லது 'டிக்' மட்டும்தான் இருக்கிறது

அடி விழும் அந்த நொடியின் கூர்மை 3 முதல் 5 கிலோஹெர்ட்ஸில் இருக்கிறது. போதவில்லையா? மைக்கைப் பின் ஹெட்டிடம் 3 அங்குலம் வரை கொண்டுபோய் பீட்டர் விழும் இடத்தை நேராகப் பார்க்க வையுங்கள். பிறகு பீட்டரைத் திருப்பிப் பாருங்கள். பல பீட்டர்களில் ஒரு பக்கம் ஃபெல்ட், மறு பக்கம் பிளாஸ்டிக். திருப்ப ஒரு நிமிடம் ஆகும். அதுவும் போதாவிட்டால் பீட்டர் விழும் இடத்தில் ஒட்டும் பேட்ச் ஒன்று வாங்குங்கள், அது ஹெட்டையும் காக்கும்.

அதிகமாக இருந்தால் அதே வரிசையில் தலைகீழாகச் செய்யுங்கள்: ஃபெல்ட் பக்கம், மைக்கைப் பின்னால் இழுப்பது, முகத்தை 45 டிகிரி திருப்புவது.

*ஒவ்வோர் அடிக்குப் பின்னும் 'டர்ர்' என்று இரண்டு மூன்று குட்டி அடிகள் கேட்கிறதா?* மைக் அதற்குப் பொறுப்பில்லை. வாசிப்பவர் பெடலை அழுத்தியபடியே பிடிக்க முயல்கிறார், பீட்டர் ஹெட்டின் மேல் துள்ளுகிறது. ஹெட்டில் கை வைத்தால் அந்தத் துள்ளல் விரலுக்கே தெரியும். பெடல் ஸ்பிரிங்கை ஒரு சுற்று தளர்த்தியோ இறுக்கியோ பாருங்கள், தலையணையைப் பின் ஹெட்டோடு இன்னும் ஒட்ட வையுங்கள். கால் பழக்கத்தைப் பதிவு நாளில் மாற்றச் சொல்லாதீர்கள், வாசிப்பு கெட்டுவிடும்.

கோளாறு 5: 'பூம்' என்று இழுக்கிறது

தலையணையைப் பின் ஹெட்டில் தொட விடுங்கள். அப்புறமும் இழுத்தால் முன் ஹெட்டிலும் தொடட்டும். மைக் ஓட்டையின் வாயிலேயே இருந்தால் நான்கு அங்குலம் உள்ளே தள்ளுங்கள். கிக் அறையின் மூலையில் இருந்தால் மூன்றடி வெளியே இழுங்கள். மூலை, அடிநாதத்தை ஊதிப் பெருக்கும் இடம். முன் ஹெட்டில் ஓட்டையே இல்லையென்றால் இழுவை இயல்பு, ஜாஸ் வாசிப்பவர்களுக்கு அதுதான் வேண்டும். வாசிப்பவரைக் கேட்காமல் ஓட்டை போடாதீர்கள்.

கோளாறு 6: வெடிக்கிறது, கரகரக்கிறது

மீட்டர் சிவப்பைத் தொடுகிறதா என்று முதலில் பாருங்கள். கெய்னை, அதாவது மைக் சத்தத்தை உள்ளே எடுக்கும் அளவைக், குறைத்து, பலமான அடி மைனஸ் 12 டெசிபலுக்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் இடையில் நிற்கட்டும். 24 பிட்டில் இதற்கு மேல் ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை. சோதனையின்போது மெதுவாக அடித்துவிட்டு, பாட்டு ஓடும்போது ஓங்கி அடிப்பார்கள். அதற்கும் இடம் விட்டு வையுங்கள். கெய்ன் கடைசிவரை இறங்கியும் சிவப்பு என்றால் வரும் சத்தத்தை முன்பே குறைக்கும் பேட் சுவிட்சைப் போடுங்கள்.

*மீட்டர் பச்சையில் இருந்தும் 'புஃப்' என்று காற்று மோதுகிறதா?* ஓட்டைக்கு நேராக மைக் நிற்கிறது. ஒவ்வோர் அடிக்கும் அந்த ஓட்டை வழியே காற்று பீறிடும். உள்ளங்கையை அங்கே நீட்டிப் பாருங்கள், தள்ளுவது தெரியும். மைக்கை ஓட்டையின் விளிம்புப் பக்கம் ஒதுக்குங்கள், ஃபோம் உறை போடுங்கள். ரிப்பன் மைக்கை அந்த இடத்தில் வைக்கவே வேண்டாம். உள்ளே இருக்கும் மெல்லிய அலுமினியப் பட்டை ஒரே அடியில் கிழிந்துபோகலாம். அது கம்பெனிக்கு அனுப்பும் வேலை.

வேறு கேபிள், வேறு சேனல், வேறு மைக் என்று ஒவ்வொன்றாக மாற்றியும் கரகரப்பு ஒரே மைக்கோடு சேர்ந்து நகர்ந்தால் சத்தத்தைப் பிடிக்கும் அதன் கேப்ஸ்யூல் போய்விட்டது. திறக்காதீர்கள், சர்வீஸுக்குக் கொடுங்கள்.

கோளாறு 7: அடிக்கு இடையில் 'ம்ம்' என்று ஹம் கேட்கிறது

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கிக்கின் அடிநாதமும் அதன் பக்கத்திலேயே இருக்கிறது. ஹம்மை ஃபில்டரால் அறுத்தால் கிக்கின் வேரும் அறுபடும். எனவே பதிவுக்கு முன்பே தீர்க்க வேண்டும்.

வாசிப்பதை நிறுத்தி, கெய்னை ஏற்றிக் கேளுங்கள். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்குங்கள். போய்விட்டதா? பாட்டரியிலேயே பதிவு செய்து முடியுங்கள். போகவில்லையென்றால் மைக் கேபிளைப் பவர் கேபிளிலிருந்து விலக்குங்கள், குறுக்கே போயே ஆக வேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்கட்டும். ஹம் இல்லாமல் 'ஸ்ஸ்ர்' என்று கூர்மையாகக் கேட்டால் ஃபேன் ரெகுலேட்டர், விளக்கு டிம்மர் எல்லாவற்றையும் அணையுங்கள். அப்புறம் எல்லாக் கருவிகளையும் ஒரே பிளக் பாயின்ட்டிலிருந்து எடுங்கள்.

எர்த் பின்னை வெட்டினால் ஹம் போகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உயிருக்கு ஆபத்து. மைக்கின் உலோகத்தையோ இன்டர்ஃபேஸையோ தொடும்போது விரலில் சுர்ரென்று இழுத்தால் அந்த நிமிடமே பதிவை நிறுத்தி, எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். இது நீங்கள் செய்யும் வேலை இல்லை.

கோளாறு 8: ஸ்நேரும் சிம்பலும் கிக் மைக்குக்குள் வருகின்றன

மைக்கை இன்னும் உள்ளே தள்ளுங்கள், டிரம்மின் உடலான ஷெல்லே அதற்கு மறைப்பு. வெளி மைக் என்றால் கிக்கின் முன்னால் இரண்டு ஸ்டாண்டுகளை நிறுத்தி, தடித்த கம்பளியைப் போர்த்திக் கூடாரம் போல் மூடுங்கள். கேட் (மெல்லிய சத்தத்தைத் தானே அடைத்துவிடும் கருவி) போடுவதைப் பதிவின்போது தவிருங்கள். மெல்லிய அடிகளை அது விழுங்கிவிட்டால் மீட்க வழியில்லை.

கோளாறு 9: கீச், கடகட

பெடலைக் கையால் மெல்ல அழுத்திக் காதை வைத்துக் கேளுங்கள். கீச்சென்பது பெரும்பாலும் ஸ்பிரிங்கின் கொக்கியிலோ அடித்தட்டின் கீலிலோதான், ஒரு துளி எண்ணெய் போதும். கடகடப்புக்கு கிக்கின் ஒவ்வொரு போல்ட்டையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். கிக்கின் மேல் டாம் என்ற டிரம்மை மாட்டும் கம்பியின் திருகு, போல்ட் இறங்கும் லக் தளர்ந்திருப்பது, இரண்டும் வழக்கமான குற்றவாளிகள். உள்ளே மைக்கைத் தாங்கும் ஸ்டாண்ட் ஷெல்லைத் தொட்டாலும் சத்தம் வரும். எல்லாப் போல்ட்டும் சரி, எப்படி டியூன் செய்தாலும் ஹெட்டில் ஒரு பக்கம் சுருக்கம் போகவில்லை என்றால் ஷெல்லின் விளிம்பு தேய்ந்தோ வளைந்தோ இருக்கும். டிரம் செப்பனிடுபவரிடம்தான் போக வேண்டும்.

கோளாறு 10: காலையில் இருந்த சத்தம் மதியம் இல்லை

கிக் நகர்ந்திருக்கும், அல்லது மைக் தொங்கியிருக்கும். தரையில் கிக்கின் கால்களுக்கும் ஸ்டாண்டுக்கும் டேப் ஒட்டிக் குறியிடுங்கள். ஓட்டையிலிருந்து மைக் எவ்வளவு உள்ளே போகிறது என்று ஸ்டாண்டின் கம்பியிலேயே டேப் சுற்றுங்கள். போனில் ஒரு படம். சாப்பாட்டுக்குப் பின் இந்த மூன்றையும் பார்த்துவிட்டே மறுபடி தொடங்குங்கள்.

சரி, மைக்தான் மாற்ற வேண்டும் என்றால்

மேலே உள்ளவற்றையெல்லாம் முடித்தவருக்கு மட்டும் இது. ஏ.கே.ஜி. டி112, ஷூர் பீட்டா 52ஏ, ஆடிக்ஸ் டி6 மூன்றும் டைனமிக், பேண்டம் பவர் (கேபிள் வழியே மைக்குக்குப் போகும் மின்சாரம்) தேவையில்லை. மூன்றையும் கிக்குக்காகவே செய்திருக்கிறார்கள். டி6 நடுப்பகுதியைத் தானே குழித்துக் கொடுக்கும், ராக், மெட்டல் பாட்டுகளுக்கு இ.க்யூ. இல்லாமலே உட்காரும். அதே காரணத்தால் மென்மையான பாட்டில் செயற்கையாகக் கேட்கும். டிரம் தானாக நன்றாக ஒலிக்கிறது, அதை அப்படியே வேண்டும் என்றால் எலக்ட்ரோ வாய்ஸ் ஆர்.இ.20. நெருங்கினாலும் கனம் வீங்காத அமைப்பு அதில் இருக்கிறது, பேச்சுக்கும் பாட்டுக்கும் உதவும் என்பதால் ஒரே மைக் வாங்குபவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஸ்டாண்ட் வைக்க இடமில்லாத மேடைகளுக்கு ஷூர் பீட்டா 91ஏ. தலையணையின் மேல் படுக்க வைத்தால் போதும், 400 ஹெர்ட்ஸைக் குறைக்கும் சுவிட்சும் உண்டு. ஆனால் அது கண்டென்சர், பேண்டம் பவர் இல்லாமல் வேலை செய்யாது.

வாங்குவதற்கு முன் ஒருநாள் வாடகைக்கு எடுங்கள், ஒலி வாடகைக் கடைகளில் இவற்றில் ஒன்றிரண்டாவது கிடைக்கும். உங்கள் கிக்கில், உங்கள் அறையில், இப்போதிருக்கும் மைக்குக்குப் பக்கத்திலேயே வைத்து ஒரே வாசிப்பைப் பதிவு செய்யுங்கள். பிறகு இரண்டின் சத்த அளவையும் சமன் செய்துவிட்டுக் கேளுங்கள். சமன் செய்யாவிட்டால் எது சத்தமாக இருக்கிறதோ அதுவே நல்ல மைக் என்று காது சொல்லிவிடும்.